மீன் பிடியாத வள்ளத்துக்கும் பங்கு

மருமோன், நீ கார் எடுக்கப் போறாயாம். கொம்மா சொன்னவா. சொன்ன விதத்தைப் பாத்தால் நீ கனடாவையே உறுதி முடிச்சு வாங்கப்போறாய் எண்டுதான் நான் நினைச்சன். "வெள்ளை நிறமாம் அண்ணை, நல்ல உயரமாம், குளிருக்கு இருக்கிற சீற்றும் சுடுமாம்" எண்டா. "மாதம் எவ்வளவாம்?" எண்டு கேட்டன். "அது பெடியனுக்கெல்லோ தெரியும்" எண்டா. பெடியனுக்குத் தெரியாது எண்டுறது எனக்குத் தெரியும். ஆனபடியால் கொஞ்ச நேரம் குந்தியிருந்து கேள். கேட்டிட்டு உன்ரை விருப்பப்படி செய். எப்பிடியும் அப்பிடித்தான் செய்வாய்; கேட்டிட்டுச் செய்தால் பிறகு அம்மான் சொல்லேல்லை எண்டு குறை பிடிக்க ஏலாது.

"நெடுந்தீவுக் கிழவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" எண்டு மனசுக்குள்ளை சிரிக்கிறாய். சிரி. எங்களுக்கு ரோட்டு குறிகட்டுவானோடை முடிஞ்சுபோம். ஆடி ஆவணியிலை வெளிநாட்டுச் சனம் கட்டுநாயக்காவிலை வான் பிடிச்சு, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் கண்ணாடி ஏத்தினபடி ஏசியிலை வரும். குறிகட்டுவானிலை வானை விட்டிட்டு, எங்கடை மோட்டர் வள்ளத்திலை மீன்கூடைக்கும் சீமெந்துப் பைக்கும் நடுவிலை ஒரு மணித்தியாலம் நசுங்கித்தான் ஊருக்கு வரும். அந்த இடத்திலை ரொறன்ரோ முதலாளியும் ஒண்டு, கடலைக்காரியும் ஒண்டு. இஞ்சையும் ஓட்டோ ஓடுது, லான்ட்மாஸ்ரர் ஓடுது. ஆனால் அதுகளும் வள்ளம் ஏறி வந்ததுகள்தான். அதுகள் குடிக்கிற எண்ணெயும் வள்ளம் ஏறித்தான் வருது. வாகனம் எண்டால் என்ன தின்னும் எண்டுறதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதோடை நான் எஞ்சின் வள்ளம் வைச்சிருந்தவன். பங்குக் கணக்குத் தெரிஞ்சவன். உனக்குத் தெரியாட்டிக் கேள்: கடலாலை வந்து மீனை வித்த காசிலை முதலிலை எண்ணெய்ச் செலவு கழியும். பிறகு வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு. அதுக்குப் பிறகு மிஞ்சிறதிலைதான் விடிய விடிய வலையிழுத்த மனுசனுக்குப் பங்கு. மரத்துக்கு முதல் பங்கு, மனுசனுக்குக் கடைசிப் பங்கு! கேட்டால் அநியாயம் மாதிரிக் கிடக்கும். ஆனால் ஒரு நியாயம் இருக்கு: வள்ளம் மீன் பிடிக்கும். கடலுக்குப் போகாத நாளிலை, கரையிலை இழுத்து வைச்ச வள்ளம் பங்கு கேளாது.

நீ எடுக்கப் போற கார் அப்பிடியில்லை. நாளிலை ரண்டு மணித்தியாலம் ஓடும். மிச்சம் 22 மணித்தியாலமும் நிண்டபடி பங்கு எடுக்கும். நீ நித்திரை கொள்ளேக்கையும் எடுக்கும். பக்டரியிலை லேஓஃப் தந்து வீட்டிலை இருத்தினாலும் எடுக்கும்.

பங்காளியள் ஆரார் எண்டு ஒருக்கால் எண்ணுவம் வா.

கார் நாற்பதினாயிரம் டொலர் எண்டு வைப்பம். நீ கையெழுத்து வைக்க முதலே ஒன்ராறியோ அரசாங்கமும் ஒட்டாவாவும் சேர்ந்து 13 வீதம் வரி எடுக்கும். அது 5,200. கார் இன்னும் கடை வாசல் தாண்டேல்லை, 45,200 ஆச்சு. அதை 84 மாதத்திலை கட்டலாம் எண்டு சிரிச்சுக்கொண்டு ஒரு பெடியன் சொல்லுவான். நல்ல பெடியன், எங்கடை ஆளாயும் இருப்பான், உனக்குக் கோப்பியும் தருவான். 84 மாதம் எண்டால் ஏழு வருசம். ஏழரைச் சனிக்கு ஆறு மாதம்தான் குறைவு. அந்தச் சனீஸ்வரனுக்காவது எள்ளெண்ணெய் எரிச்சால் கொஞ்சம் இரங்குவார். வட்டியே இல்லாமல் பிரிச்சாலும் மாதம் 538 டொலர். வட்டி எவ்வளவு எண்டு நீ கேட்டிருக்க மாட்டாய். மாதக் காசை மட்டும் கேட்டிருப்பாய். அவன் அதை நம்பித்தான் கோப்பி தந்தவன்.

லோன் வேண்டாம், லீஸ் எண்டுறியே? அது நல்ல விண்ணாணம். மாதக் காசு குறையும், காரும் உன்ரை இல்லை. வருசத்துக்கு 16,000, 20,000, 24,000 கிலோமீற்றர் எண்டு ஒரு கோடு கீறி விடுவினம். கோட்டைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காசு. திருப்பிக் குடுக்கேக்கை சீற்றிலை கறை, கதவிலை கீறல், எல்லாத்துக்கும் காசு. ஆரோ ஒருத்தன்ரை காரை மூண்டு வருசம் கழுவித் துடைச்சுக் குடுத்ததுக்கு நீ அவனுக்குக் கூலி குடுக்கிறாய். இஞ்சை அப்பிடி ஒருத்தன் செய்தால் அவனை விசரெண்டு மந்திகைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவம்.

அடுத்தது இன்சூரன்ஸ். பெரிய சம்மாட்டி இவர்தான். ஒன்ராறியோவிலை இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டிலை ஏற ஏலாது. மற்றவைக்கு வாற சேதத்துக்குக் குறைஞ்சது 2 லட்சம் டொலருக்குக் காப்பு எண்டது சட்டம், கனபேர் 10 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் எடுக்கினம். நீ எப்பிடி ஓடுறாய் எண்டு மட்டும் பாக்கமாட்டினம். எந்தத் தபால் இலக்கத்திலை இருக்கிறாய் எண்டும் பாப்பினம். பிராம்ரன், ஸ்காபரோ எண்டால் கூட. எங்கடை சனம் குவிஞ்சிருக்கிற இடமெல்லாம் அவையின்ரை கணக்கிலை விலை கூடின இடம். இதிலை நீ புது லைசன்ஸ்காரன். ஜீ வண் எழுதி, ஜீ ரூ ஓடிக் காட்டி, இப்பதான் மீசை முளைச்ச சாரதி. லோனுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு லோன் மாதிரி இந்தக் காசு வரும். அதுக்கு ஒரு குறுக்கு வழி உனக்கு ஆராவது சொல்லித் தந்திருப்பினம்: "தூரத்திலை இருக்கிற மாமியின்ரை அட்றசைக் குடு, குறையும்." குறையும்தான். ஒருநாள் எங்கையாவது இடிபட்டால், நீ இரவிலை காரை நிப்பாட்டிறது மாமி வீட்டு வாசலிலையோ உன்ரை பேஸ்மென்ற் வாசலிலையோ எண்டு தேடி வருவினம். பிறகு காப்பும் இல்லை, காரும் இல்லை, மாமியும் கதையாள்.

பிறகு மாரி. எங்கடை மாரி மழையோடை போகும். உங்கடை மாரி ரயரோடை வரும். கியூபெக்கிலை மார்கழி 1 தொடக்கம் பங்குனி 15 வரை பனி ரயர் போடாட்டிச் சட்டப்படி பிழை. ஒன்ராறியோவிலை கட்டாயமில்லை, போட்டால் இன்சூரன்ஸ்காரன் கொஞ்சம் குறைக்கவேணும். நாலு சில்லு வாகனத்துக்கு எட்டு ரயர். மற்ற நாலையும் வைக்க இடம் வேணும். பேஸ்மென்றிலை நீ படுக்கிறதோ, ரயர் படுக்கிறதோ? அதோடை ரோட்டெல்லாம் உப்புக் கொட்டுவினம். உப்பு இரும்பை என்ன செய்யும் எண்டு தீவாரிட்டைக் கேள். என்ரை தகரக் கூரை, ஆணி, படலைப் பிணைச்சல், எஞ்சின் பெட்டி எல்லாத்தையும் திண்ட அதே உப்புத்தான். கடலை விட்டு நீ பத்தாயிரம் மைலுக்கு ஓடினாலும், கடல் கறலாய் உனக்குப் பின்னாலை வருது.

407 எண்டு ஒரு ரோட்டு. 1997-இலை திறந்தது, 1999-இலை அரசாங்கம் அதை 99 வருசத்துக்கு, 310 கோடி டொலருக்குத் தனியாருக்குக் குத்தகை குடுத்திட்டுது. எங்கடை வள்ளக்காரன் காசைக் காட்டினால்தான் ஏத்துவான். 407-காரன் பேசாமல் ஏத்தி விட்டிட்டு, நம்பர் பிளேட்டைப் படமெடுத்துப் பிறகு பில் அனுப்புவான். கட்டாட்டிப் பிளேட்டைப் புதுப்பிக்க விடான். அதுக்குத்தான் சொல்லுறன், கேக்காமல் ஏத்திறவனிட்டைக் கவனம்.

ஓ, ஒரு நல்ல செய்தியும் இருக்கு. 2022 பங்குனியிலை ஒன்ராறியோவிலை பிளேட்டுக்கு ஒட்டிற ஸ்ரிக்கர் காசு வருசம் 120 டொலரை நிப்பாட்டினவை. அண்டைக்கு அங்கை இருக்கிற என்ரை மகள் புழுகத்தோடை போன் எடுத்தவள். ஆனை வாங்கினவளுக்கு அங்குசம் இனாம்.

சரி, எல்லாப் பங்கும் குடுத்து முடிச்சு, காரைக் கழுவி வாசலிலை விட்டாய் எண்டு வை. அதுக்கும் ஆசைப்பட ஆளிருக்கு. உயரமான புதுக் காருகளைக் கள்ளர் இரவோடை இரவாய்க் கொண்டுபோய்க் கொள்கலனுக்குள்ளை ஏத்தி, மொன்றியல் துறைமுகத்தாலை ஆபிரிக்கா, அரபு நாடெல்லாம் அனுப்பினவை. ஏஜென்சிக் காசு இல்லாமல், விசா இல்லாமல், பிடிபடாமல் கடல் கடந்தது அந்தக் காருகள்தான். கூத்து முத்தி, 2024 மாசியிலை ஒட்டாவாவிலை கார்க் களவுக்கெண்டு ஒரு மாநாடே வைச்சினம். அந்த நேரத்திலைதான் ரொறன்ரோப் பொலிஸ்காரர் ஒருத்தர் ஊர்க் கூட்டமொண்டிலை, கார்த் திறப்பை முன்கதவடியிலை வைச்சுவிடுங்கோ, கள்ளர் வீட்டுக்குள்ளை வராயினம் எண்டு புத்தி சொன்னவர். இஞ்சை நாங்கள் நாயை வளக்கிறம். அங்கை கள்ளனுக்குத் திறப்பு வளக்கினம். களவு போற சாதிக் கார் எண்டால் இன்சூரன்ஸும் கூட. கள்ளன் விரும்பிற காரை நீ விரும்பினதுக்குத் தண்டம்.

கடைக்காரன் உனக்கு இருநூறு குதிரை வலு எண்டு சொல்லியிருப்பான். நெடுந்தீவானுக்குக் குதிரைக் கதை சொல்லாதை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இஞ்சை குதிரை வளத்தவை. தங்களுக்குத் தேவை முடிய விட்டிட்டுப் போட்டினம். அதுகளின்ரை பரம்பரை இண்டைக்கும் தென்பக்க வெளியிலை நிக்குது. மாரியிலை புல்லுத் தின்னும், கோடையிலை தண்ணியில்லாமல் சாகும். பாக்கிறதுக்கு வடிவு, ஆரையும் ஏறவிடாது. அரசாங்கங்களே தீன் போடேலாமல் விட்டிட்டுப் போன வாகனமடா. நீ பேஸ்மென்றிலை இருந்துகொண்டு இருநூறுக்குத் தீன் போடப்போறாய்.

உனக்கு மட்டும்தான் இந்தக் கதியெண்டு அழாதை. உன்ரை மச்சான் லண்டனிலை ஒரு பழைய டீசல் கார் வைச்சிருக்கிறான். டீசல் புகையிலை கரியமிலவாயு குறைவு எண்டு 2001-இலை வரியைத் திருத்தி, சனத்தை டீசல் பக்கம் தள்ளினது அந்த நாட்டு அரசாங்கம்தான். பிறகு டீசல்தான் நஞ்சு எண்டு கண்டுபிடிச்சினம். 2023 ஆவணி 29 தொடக்கம் லண்டன் முழுக்கவும், தரத்துக்கு வராத கார் ரோட்டிலை உருண்டால் நாளுக்கு 12 பவுண் 50 பென்ஸ். நகர நடுவுக்குப் போனால் அது வேறை. 2003-இலை 5 பவுணிலை தொடங்கி 2020-இலை 15 ஆக்கினவை. இப்ப அவன் காரைப் பாத்துக்கொண்டு பஸ்ஸிலை போறான். சுவிஸிலை இருக்கிற எங்கடை புங்குடுதீவுச் சம்பந்தி பெருமையாய்ச் சொல்லுவார்: "வருசம் 40 பிராங் ஸ்ரிக்கர், பெருந்தெருவெல்லாம் ஓடலாம்." உண்மைதான். ஆனால் அங்கை கண்மண் தெரியாமல் ஓடிப் பிடிபட்டால் உன்ரை வருமானத்தைப் பாத்துத் தண்டம் போடுவினம். 2010-இலை சென்ற் காலன் பக்கத்திலை ஒரு பணக்காரன் பெராரியிலை பறந்து பிடிபட, கோடு கிட்டத்தட்ட 3 லட்சம் பிராங் கட்டு எண்டது. டென்மார்க்கிலை கார் விலையின்ரை மேல்தட்டுக்குப் பதிவு வரி 150 வீதம். சிங்கப்பூரிலை கார் வாங்க முதல், கார் வாங்கலாம் எண்டு ஒரு கடுதாசி ஏலத்திலை எடுக்கவேணும். 1990 தொடக்கம் அதுதான் வழக்கம். பத்து வருசம் செல்லும். 2023 ஐப்பசியிலை பெரிய காருக்கான கடுதாசி ஒண்டரை லட்சம் சிங்கப்பூர் டொலரைத் தாண்டினது. கார் இல்லையடா, கடுதாசி!

இப்ப கொம்மாவின்ரை கணக்குக்கு வருவம். அவ "கார் ஒரு சொத்தெல்லே அண்ணை" எண்டா. அவவிலை பிழையில்லை. இலங்கையிலை அப்பிடித்தான். 2020-இலை தனியார் வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 மாசியிலைதான் திறந்து விட்டவை. அந்த ஐஞ்சு வருசத்திலை, ஓடிக் களைச்ச ஜப்பான் கார் வாங்கின விலையை விடக் கூட விலைக்குப் போனது. இறக்குமதி வரி கூடின நாட்டிலை பழைய காரும் காணி மாதிரி விலை ஏறும். அவ அந்தக் கண்ணாலைதான் உன்ரை காரையும் பாக்கிறா. கனடாவிலை புதுக் கார் முதல் வருசத்திலேயே கிட்டத்தட்ட ஐஞ்சிலை ஒரு பங்கு விலையை இழந்துபோம். ஏழு வருச லோனிலை பாதி வழியிலை நீ விக்கப் போனால், காரின்ரை விலையை விடக் கடன் கூட நிக்கும். காரையும் குடுத்துக் காசும் குடுக்கவேணும். சீதனம் குடுத்துப் பொம்பிளையை அனுப்பிற மாதிரி எண்டு சொல்ல வந்தன். வேண்டாம், கொம்மா கேட்டால் கோவிப்பா.

இனிப் பழுதும் எண்ணெயும். எங்கடை ஆக்கள் கார் ஓடத் தெரியாத ஆக்களே? 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடினது. காபரேற்றருக்குள்ளை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கலியாண மாப்பிளையும் போனார், ஆசுபத்திரிக்கு வயித்துவலிக்காரியும் போனா. அந்தக் கார் பழுதானால் சந்தியிலை இருக்கிற மெக்கானிக் ஒரு குறட்டோடை வருவான். உன்ரை கார் பழுதானால் முதலிலை அதுக்குக் கொம்பியூற்றர் பூட்டி, என்ன வருத்தம் எண்டு கேட்டுச் சொல்லுறதுக்கே காசு. திறந்து பாக்க ஏலாத சாமானுக்குப் பங்கு கூட. 2022-இலை திரும்பவும் பாத்தம்: பெற்றோல் லீற்றர் 470 ரூபா, கியூஆர் காட்டினால்தான் எண்ணெய், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டர்சைக்கிளுக்கு 4. கார் வைச்சிருந்தவை செற்றிலை வரிசை நிண்டினம். சைக்கிள் வைச்சிருந்தவை அவையைப் பாத்து மணியடிச்சுக்கொண்டு போச்சினம்.

அப்ப காரே வேண்டாமோ எண்டு கேப்பாய். நான் அப்பிடிச் சொல்லேல்லை. மீன் பிடிக்கிற காரெண்டால் எடு. விடியப்புறம் நாலு மணிக்கு மில்ரனிலையோ போல்ரனிலையோ வேலை, பஸ் இல்லை, பனி கொட்டுது எண்டால் அது உனக்கு வள்ளம்தான், பங்கு குடுக்கலாம். நாளைக்குக் கைக்குழந்தை வந்தாலும் எடு. ஆனால் நீ இருக்கிறது ஸ்காபரோ, வேலையும் ஸ்காபரோ. ரீரீசியிலை காட் தட்டினால் 3 டொலர் 30 சதம், ரண்டு மணித்தியாலத்துக்குள்ளை எத்தினை பஸ்ஸும் மாறலாம். போக வர, மாதம் 22 நாள் வேலை எண்டாலும் 145 டொலர் சொச்சம். 538-ஐயும் 145-ஐயும் பக்கத்திலை பக்கத்திலை எழுதிப் பார். இன்சூரன்ஸும் பெற்றோலும் பாக்கிங்கும் இன்னும் எழுதேல்லை.

எனக்குத் தெரியும், நீ வேலைக்கு எண்டு அந்தக் காரை எடுக்கேல்லை. வேலைக்கு எண்டால் வெள்ளை நிறம் ஏன்? கலியாண மண்டப வாசலிலை இறங்கவும், கோயில் பாக்கிங்கிலை ரிமோட்டை அமத்திச் சத்தம் கேக்கப் பண்ணவும், போனட்டிலை கை வைச்சுப் போட்டோ எடுக்கவும்தான். ஆசைதான், பிழையில்லை. நானும் புது எஞ்சின் வாங்கின காலத்திலை, கடலுக்குப் போகாத நாளிலும் அதைத் தோளிலை வைச்சுக்கொண்டு சந்தைப் பக்கம் ஒருக்கால் நடந்தவன். ஆனால் அது தோளிலை ஐஞ்சு நிமிசம். உன்ரை எடுப்பு ஏழு வருசம். மண்டப வாசலிலை உன்ரை காரைப் பாக்கிற சனத்திலை பாதி, தங்கடை கார்க் காசு கட்டுற திகதியை யோசிச்சுக்கொண்டு நிக்குது.

ஆனபடியால் இதைச் செய். காரைப் பாக்க முதல், எந்தக் காருக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் எண்டு கேட்டு எழுது. கடைசியாய்க் கேக்கிறதை முதலாய்க் கேள். நாலைஞ்சு வருசம் ஓடின சின்ன ஜப்பான் கார் பார். கள்ளனும் திரும்பிப் பாக்காத மாதிரியாய் இருக்கட்டும். வாங்க முதல் உன்ரை காசிலை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு அடிப்பக்கம் தூக்கிக் கறல் பார். மேலை மினுக்கம் பாக்காதை. கடனெண்டால் மூண்டு வருசத்திலை முடிக்கிற கடன். வாடகைக்கு ஆள் ஏத்தி ஓடப்போறாய் எண்டால் இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லிப்போட்டு ஓடு. அதே பக்டரிக்குப் போற பெடியள் நாலு பேரை ஏத்தி, பெற்றோல் காசைப் பிரி. இலவசமாய் ஏத்தினால் சீற்றிலை ரோல்ஸ் தின்னுவாங்கள், நன்றியும் இருக்காது. வருசக் கடைசியிலை, குடுத்த பங்கெல்லாத்தையும் கூட்டி எழுதி, ஓடின கிலோமீற்றராலை பிரிச்சுப் பார். அப்ப விளங்கும், எந்தப் பயணம் ராக்சியிலை போயிருந்தால் லாபம் எண்டு.

இவ்வளவும் கேட்ட பிறகும் அந்த வெள்ளைக் கார்தான் வேணும் எண்டால், எடு ராசா. உன்ரை கை, உன்ரை கையெழுத்து. ஆனால் போட்டோவை மட்டும் கொம்மாவுக்கு அனுப்பாதை. அவ ஊரெல்லாம் காட்டுவா. பெரிய கார்காரன் எண்டு பேர் வந்தால் பள்ளிக்கூடக் கட்டிடம், வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் எல்லாம் உன்ரை நம்பரைத் தேடும். எங்கடை கோயில் தேருக்கு வேறை இந்த வருசம் நாலு சில்லும் மாத்தவேணும். உன்ரை பேரிலை ஒரு சில்லு எண்டு கமிற்றி ஏற்கெனவே தீர்மானம் எழுதியாச்சு. தலைவர் நான்தான், ரசீதுப் புத்தகமும் என்னட்டைத்தான் கிடக்குது. சின்னக் கார் எடுத்தியெண்டால் சொல்லு, அரைச் சில்லாய்ப் போடுறன்.